யாரும் கூப்பிடாத தோப்பு

இன்று என் காரைத் துடைக்கும்போது, டாஷ்போர்டில் நீ போன்களை ஒட்டிவைத்த பசை கையில் பிசுபிசுத்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. உன் பிடிவாதம் அதற்கும் வந்துவிட்டது போல.

செல்போன் கம்பெனியில் சிக்னல் அளக்கும் வேலை நம் இருவருக்கும். நான் ஓட்டுவேன், நீ போன்களைப் பார்த்தபடி வருவாய். கிணத்துக்கடவு தாண்டித் தென்னந்தோப்புக்குள் திரும்பினால் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக விழும். "மழை பேஞ்சா இன்னும் மோசம் அம்மணி. நனைஞ்ச ஓலை சிக்னலத் தின்னுபோடும்" என்பாய்.

ஆபீஸில் மேலாளர், டவர்களின் நிலவரம் தெரியும் திரையைக் காட்டுவார். "ஏனுங்க, அந்தப் பக்கம் ஒரு போன் கால்கூட கட்டாகலீங்களே. அப்புறம் என்னங்க?"

"கால் போனாத்தானுங்க கட்டாகும். போகாத கால் உங்க திரையில எப்படீங்க வரும்?" என்று நீ திருப்பிக் கேட்பாய்.

ஒரு மழை நாள் மாலை, என்னை ஆபீஸில் திரை பார்க்கச் சொல்லிவிட்டதால், நீ கம்பெனி காரில் தனியாகப் போனாய். தோப்பு வளைவில் வண்டி சறுக்கிக் கவிழ்ந்தது. காலையில் தேங்காய் பறிக்க வந்தவர்கள்தான் பார்த்தார்கள். வண்டியில் அத்தனை போன்கள் இருந்தன. ஆம்புலன்சுக்கு நீ மாறி மாறி முயன்றது எல்லாவற்றிலும் பதிவாகியிருந்தது. ஒன்றுகூட டவரை எட்டவில்லை. அன்று மாலை முழுக்க நான் திரை முன்னால்தான் இருந்தேன். பழுது ஏதுமில்லை என்று அந்த இடம் பச்சையாகவே இருந்தது.

இப்போது டவர்களை ஒரு மென்பொருள் கவனிக்கிறது. பேச்சு குறைந்த பக்கம் மின்சாரத்தைக் குறைத்து, கூட்டம் நெரிகிற பக்கம் திறனைக் கூட்டுகிறது. கெட்டிக்கார ஏற்பாடுதான், காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் இப்போது கால் கட்டாவதில்லை. ஆனால் தோப்பைப் பார்த்திருக்கும் ஆன்டெனாவை மழை நாட்களில் தூங்கவைக்கலாமா என்று என்னிடம் கேட்கிறது. மழையில் அங்கே யாரும் பேசுவதே இல்லையாம்.

ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்று அழுத்துகிறேன். திங்கட்கிழமை முதல் அது யாரையும் கேட்காமல் தானே முடிவெடுக்கப்போகிறது. சண்டை போட்டுப் பார்த்தேன். "அங்கிருந்து ஒரு புகாராவது வந்திருக்குதுங்களா?" என்கிறார் மேலாளர். உன் சாவு அவருக்குச் சாலை விபத்துதான்.

தோப்புக்குள் குடியிருப்பவர்களுக்கு இது எதுவும் தெரியாது. பாலக்காட்டுப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. திரை முழுக்கப் பச்சையாக இருக்கிறதென்று எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் திரை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.