மூன்று காலில் நிற்கிறது, அப்பா, துரையின் நாய்

என் உயிர் அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருஷமாகப் போகிறது. இந்தக் கடிதத்தில் உங்களையும் சேர்த்துத்தான் திட்டப்போகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அழுது முடித்துவிட்டேன். கோபம்தான் தீரவில்லை.

இப்போது நான் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போவதில்லை. தோட்டத்தை நடத்தும் பெரிய துரை பங்களாவில் வேலை. அங்கே ரெக்ஸ் என்று ஒரு நாய். மழைக் காலத்தில் அதன் பின்னங்காலில் ஒரு வீக்கம் கண்டது. சமையல்காரர் பார்த்துவிட்டு, அட்டைக்கடிதான் புரையோடியிருக்கிறது என்று சுண்ணாம்பைக் குழைத்துக்கொண்டு வந்தார். நான் தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. அந்தக் கல்லை நான் ஏற்கெனவே தொட்டிருக்கிறேன் அப்பா, உங்கள் காலில்.

உங்களுக்கும் அட்டைக்கடி என்றுதானே நம் லயத்து வரிசை வீடுகள் அத்தனையும் சொன்னது? இந்த மலையில் அட்டை கடிக்காத கால் ஏது? சுண்ணாம்பும் புகையிலையும் வைத்துக் கட்டினோம். நொண்டுவது தெரிந்தால் கங்காணி அரை நாள் கூலியாக அரைப்பேர் போட்டுவிடுவார் என்று, காலையில் பேர் கொடுக்கிற பெரட்டில் நீங்கள் விறைப்பாக நின்றீர்கள். எங்களிடமாவது வலிக்கிறது என்று சொல்லியிருக்கக் கூடாதா? கடைசியில் தோட்டத்து மருந்துக்காரரிடம் தூக்கிக்கொண்டு போனபோது, அவர் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. போத்தலில் சிவப்புத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்து அனுப்பினார்.

நாய் விஷயத்தைத் துரையின் மனைவி துரைசாணியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மறுநாளே நுவரெலியாவிலிருந்து மாட்டு டாக்டர் காரில் வந்துவிட்டார். புற்றுநோய், காலை எடுத்தால் பிழைக்கும் என்றார். எடுத்தார்கள், பிழைத்தது. உங்கள் காலில் இருந்தது என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த நாயின் கழுத்தில் லைசன்ஸ் தகடு தொங்குகிறது. நீங்களோ இந்த நாட்டுக் குடிமகன் என்று சொல்ல ஒரு துண்டுத் தாள்கூட வராமலே போய்ச் சேர்ந்தீர்கள்.

நாயைப் பார்த்துக்கொள்ள எனக்கு முழுப்பேர் போடச் சொன்னார் துரை. மாதக் கடைசிக்குள் தானாக நடக்காவிட்டால் சுட்டுவிடுவாராம்.

"நடக்காத நாய் நமக்கு வேணாம்" என்றார்.

முதலில் அதன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பாலை ஊற்றும்போதெல்லாம் உங்கள் சிவப்புத் தண்ணீர்ப் போத்தல்தான் ஞாபகம் வந்தது. அது எழப் பார்க்கும், தொப்பென்று விழும். ஆனால் துரையின் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், வலியை அடக்கிக்கொண்டு எழுந்து வாலை ஆட்டும். பெரட்டில் நீங்கள் நின்ற நிலையல்லவா அது? அதற்குமேல் நாயிடம் எனக்குக் கோபம் வரவில்லை.

கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை எடுத்துப் போனேன். அதை அதன் வயிற்றுக்கடியில் கொடுத்து, இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு தினமும் நடக்க வைத்தேன். அம்மா சண்டைக்கு வந்தாள்.

"ஒங்க அப்பாவுக்குச் செய்யாதத நாய்க்குச் செய்றியா?"

"அப்பாவுக்கு என்னான்னே நமக்குத் தெரியலம்மா. இதுக்குத் தெரிஞ்சிருச்சு. தெரிஞ்சும் சாக விடச் சொல்றியா?"

மறுநாள் அம்மா சாக்கின் கிழிசலைத் தைத்து வைத்திருந்தாள்.

நேற்று சாக்கை விட்டுவிட்டேன். புல்தரையில் மூன்று காலில் தத்தித் தத்தி, துரையின் நாற்காலிவரை போய் நின்றது. துரை கைதட்டினார். துரைசாணி என்னைப் பார்த்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். சேலை கேட்பேன் என்று நினைத்திருப்பார்.

"நாய்க்கு வந்த காரு லயத்துக்கும் வருமாங்க?" என்று கேட்டேன்.

துரைசாணி நாயைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மேல் லயத்து மாரியாயி பத்து நாளாகக் காலில் சுண்ணாம்புக் கட்டோடு மலைக்குப் போகிறாள். நேற்று சாயந்தரம் கட்டை அவிழ்த்துத் தொட்டுப் பார்த்தேன். அதே கல்.

நாளைக் காலையில் அவளைப் பெரட்டுக்குப் போக விடமாட்டேன். பங்களா வாசலில், ரெக்ஸ் படுக்கிற அதே மெத்தையில் உட்கார வைப்பேன். அவளைப் பார்க்க ஒரு டாக்டர் கார் வரும்வரை அவளும் எழமாட்டாள், நானும் நகரமாட்டேன். வேலை போனால் போகட்டும். இது உங்கள் கால்மேல் சத்தியம்.

உங்கள் காலைத் தொட்டும் தெரியாமல் போன மகள்,
செல்லம்மா
அக்கரப்பத்தனை