மாமாவின் பட்டாளக் கண்ணாடி

ஆடி 12, திங்கள் இரவு

மாமனாரின் பட்டாளப் பெட்டியில் கிடந்த வட்டக் கண்ணாடிக்குக் காதில் மாட்டும் கம்பி ஒடிந்திருந்தது. சரிசெய்ய அஸ்தம்பட்டி மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் கம்பியைச் சரிசெய்து, சோதித்துவிட்டுச் சொன்னார்: "விஷப்புகை முகமூடிக்குள்ள சிப்பாய்ங்க போடறதுங்க. பவர் மைனஸ் ஆறு. இதைக் கழட்டுனா போட்டிருந்தவருக்கு எதிர்ல நிக்கற ஆளே தெரியாதுங்க."

மாமாவுக்குக் கண்ணில் குறையே கிடையாது. இன்றும் ஊசியில் நூல் கோர்க்கிறார். வீட்டுக்கு வந்ததும், "இது யாருதுங்க மாமா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"என்னுதுதான் சாமி." வாங்கி மாட்டிக்கொண்டார்.

அப்புறம் கழற்றவேயில்லை. சுவரைத் தடவிக்கொண்டுதான் சாப்பிட வந்தார். தட்டில் சோற்றைக் கையால் தேடினார். கேட்ட கேள்வியை இனி எப்படித் திரும்ப வாங்குவது?

சற்றுமுன் விளக்கை அணைக்கப் போனேன். கண்ணாடியோடுதான் படுத்திருந்தார். தூங்குபவர்போல, நான் வெளியே போகும்வரை அசையவில்லை.