ஏழு பட்டையும் ஒரே கையில்

திருவொற்றியூர்,
ஞாயிறு

அன்புள்ள ஞானசெல்விக்கு,

நான் நலம், தொப்பை அதைவிட நலம். அத்தைக்கு மூட்டுவலி தேவலையா?

மீனவர்கள் ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்பதுதானே என் ஆராய்ச்சி? நெட்டுக்குப்பத்தில் ஏழு பேருக்கு நாடித்துடிப்பை எண்ணும் கைப்பட்டை மாட்டியிருந்தேன். போன வாரம் பார்த்தால் ஏழு பேருக்கும் ஒரே துடிப்பு, ஒரே நேரத்தில் தூக்கம். அபூர்வக் கண்டுபிடிப்பு என்று ஐம்பது வயதில் குதித்தேன்.

நேரில் போனால் ஏழு பட்டையும் அவர்களில் ஒருவரான கருணாகரன் கையில், வளையல் மாதிரி. கேரம் பந்தயத்தில் ஜெயித்தாராம்! மறுநாள் ஆய்வுக்குழு கூடுகிறது; பட்டை இல்லாமல் போனால் பட்டமும் இல்லை. திருப்பிக் கேட்டேன்.

"இன்னா சார், கெலிச்சத சும்மா குடுப்பாங்களா? குந்து, ஆடு."

ஆடினேன். அவர் என் கையைப் பிடித்துப் பார்த்து, "சாருக்கு நாடி எகிறிக்கினு கீது!" என்றதும் குப்பமே சிரித்தது. தோற்றேன். கடைசியில் இரக்கப்பட்டு, மாமா நம் கல்யாணத்துக்குப் போட்ட கடிகாரத்தை வாங்கிக்கொண்டு பட்டைகளைத் தந்தார்.

குழுவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். தலைவியம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கருவியையே விளையாட்டாக்கிட்டாங்களே! இதுதான் சார் உங்க ஆய்வு, எழுதுங்க" என்றார். தப்பித்தேன்!

கட்டிலுக்கு அடியில் உள்ள கேரம் பலகை வேண்டும். கடிகாரத்தை மீட்க வேண்டுமே. பழக எதிரே ஓர் ஆளும் வேண்டும். உன் பள்ளிக்கு லீவு விட்டதும் நீயே தூக்கிக்கொண்டு வா. மாமா கேட்டால் கடிகாரம் ரிப்பேரில் இருக்கிறது. கூரியர் கடையை மூடுகிறார்கள், ஓடுகிறேன்.

உன்
பெனிட்டோ

பி.கு: கூப்பிடுவது கேரம் பழக மட்டும்தான். இதை எழுதும்போது கையில் ஒரு பட்டை கட்டியிருக்கிறேன். அது வேறு ஏதோ சொல்கிறது.