வெயிலில் இளகிய அரக்கு

உன் தீப்பெட்டி ஆபீஸ் பூட்டில் சர்க்கார் வைத்த அரக்கு முத்திரை இன்று மத்தியானம் வெயிலில் இளகத் தொடங்கியது. மேற்குப் பார்த்த கதவு, இரும்புப் பூட்டு, கொதித்துக் கிடந்தது. தெருமுனையில் திரும்பும்போதே அந்த வாசம் வந்தது. கருகிய பிசின் வாசம். சீல் வைத்த அன்று மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கினார்களே, அதே வாசம்.

உன் மனைவி கதவுக்கு முன்னால் நின்றிருந்தாள். தொடவும் பயம், விட்டுப் போகவும் பயம்.

"அண்ணே, வடியுது பாருங்க. கீழ விழுந்துட்டா நாமதான் உடைச்சோம்னு சொல்லிருவாவல்லா?"

சொல்லத்தான் செய்வார்கள். அதுவும் இன்றைக்கு. கூரை ஓலையா ஓடா என்று நேரில் பார்த்து எழுத மதராஸ் கோர்ட் அனுப்பிய வக்கீல் சாயங்காலம் வருகிற நாள். முத்திரை உடைந்து கிடந்தால் அவர் கூரையைப் பார்க்க மாட்டார், எங்கள் கையைத்தான் பார்ப்பார். உன் வழக்கு அத்தோடு தீர்ந்தது.

எதிர்த்த பலசரக்குக் கடை பாயிடம் ஓடினேன். ஒரு வாரமாக அவரிடம் கெஞ்சியிருந்தேன், கூரை ஓட்டுக்கூரைதான் என்று வக்கீலிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று. சர்க்கார் கொடுத்த மண்ணெண்ணெய் லைசென்ஸ் அவர் கழுத்தைப் பிடித்திருந்தது. இன்றும் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தம்பி, அந்தப் பேச்சு வேண்டாம். அங்கன கூரை இருக்கான்னே எனக்குத் தெரியாது."

"கூரை வேண்டாம் பாய். ஒரு சாக்கு குடுங்க."

அந்தச் சாக்கை நனைத்து, பூட்டில் படாமல், கதவு நிலைக்கு மேலே இருந்த ஆணியில் தொங்கவிட்டோம். காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றேன். உன் பிழைப்பைப் பூட்டிய முத்திரைக்கு நான் காவல். நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

நம் வேதக்கோயிலுக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அறை உனக்கு நினைவிருக்கும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாம் நாலு பேர் அங்கே உட்காருவோம். மடியில் வேதம், பக்கத்தில் லைப்ரரியிலிருந்து எடுத்து வந்த அரசியல் சட்டம். குருவானவருக்கு அது ஆகவில்லை. "கோயில்ல வந்து அரசியல் பேசுதீயளா?" என்று வாசலில் நின்று கேட்டார்.

"ராஜா ஒருத்தன் குடியானவன் தோட்டத்தைப் பிடுங்கின கதையை நீங்கதானய்யா போன வாரம் பிரசங்கம் பண்ணுனீங்க. அது அரசியல் இல்லாம சமையலா?" என்றாய். அவர் முறைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கதையில் உன்னை உலுக்கியது ராஜாவின் ஆசை இல்லை. கேட்டபோது குடியானவன் தர மாட்டேன் என்றான். ராஜாவும் கட்டிலில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டான். அதுவரைக்கும் சரி என்பாய். அப்புறம் பொய்ச்சாட்சி சொல்ல ஆட்கள் கிடைத்தார்களே, ஊர்ப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து அவனைக் கல்லெறிந்து கொல்லத் தலையாட்டினார்களே, அங்கேதான் வந்து நிற்பாய். "மனுசன்னா பாவிதாம்ல. அதனால எவன் கையிலயும் முழுசா அதிகாரத்தைக் குடுக்கக் கூடாது. ராஜா ஆனாலும் சரி, மந்திரி ஆனாலும் சரி." உன் படிப்பு முழுவதும் அந்த இரண்டு வரிதான்.

"முதலாளி?" என்றேன் நான். பகலெல்லாம் மில்லில் பஞ்சைத் தின்றுவிட்டு வந்தவனுக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்?

"முதலாளியும்தாம்ல. அதனாலதான் தெருவுக்கு நாலு முதலாளி இருக்கணும்ங்கேன். ஒருத்தன் மிரட்டுனா வேலைக்காரன் அடுத்தவன்கிட்டப் போயிரலாம்லா."

"பாவம் எல்லாருக்கும் ஒண்ணுன்னு சொல்லிட்டு, கோயில்ல தெருவாரியா பெஞ்சு பிரிச்சு உக்காருதோமே, அதுக்கு உன் சட்டத்துல என்னல இருக்கு?"

அடுத்த ஞாயிறு எங்கள் தெருப் பெஞ்சில், என் அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். உன் சித்தப்பா உன்னோடு பேசுவதை நிறுத்தினார். அதன் பிறகுதான் உன் பேச்சை நான் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கினேன்.

அந்த அறையில் நீ ஒரு வழக்கமும் வைத்திருந்தாய். சட்டத்தைத் திறப்பதற்கு முன்னால், அந்த வாரம் யார்மேல் தனக்கு அதிகாரம் இருந்தது, அதை வைத்துத் தான் என்ன செய்தான் என்று ஒவ்வொருவனும் சொல்ல வேண்டும். குச்சி அடுக்குகிற பிள்ளையைத் திட்டியதை நீ சொன்னாய். எனக்கு எவன்மேலும் அதிகாரம் இல்லை என்று நான் மார்தட்டினேன். "உன் தம்பி மேல?" என்று கேட்டாய். எல்லாரும் சிரித்தார்கள்.

ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்து வளர்ந்தவர்கள் நாம். நாய் துரத்தினால் வசனம், கல்லறைத் தோட்டத்தைத் தாண்டினால் வசனம். அந்தப் பழக்கத்திலேயே சட்டத்தின் பகுதிகளையும் மனப்பாடம் செய்தோம். பேச்சுரிமை, தொழில் செய்யும் உரிமை, எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தோம். வாய்விட்டுச் சொன்னால் அதுவும் காக்கும் என்று நம்பினோம். அது எப்பேர்ப்பட்ட தப்பு என்று சீல் வைத்த அன்றுதான் தெரிந்தது.

அந்த அதிகாரி படியேறவில்லை. வாசலில் நின்றபடியே, குச்சி மருந்து கலக்கும் அறைக்கு ஓலைக்கூரை, தீப்பிடிக்கும், ஆகவே மூட உத்தரவு என்று எழுதினார்.

"சார், கொஞ்சம் மேல பாருங்க. ஓடு போட்டிருக்கு," என்றாய்.

அவர் தலையைத் தூக்கவில்லை. "நான் ஓலைன்னு எழுதினா ஓலைதான்."

அந்த ஓடு விளாத்திகுளத்தில் இடித்த பழைய பள்ளிக்கூடத்து ஓடு. மாட்டுவண்டியில் கொண்டுவந்து, நீ கீழிருந்து எறிய, நான் மேலே நின்று பிடித்து அடுக்கினேன். என் உள்ளங்கை கொப்பளித்துப் போனது. மருந்து அறையிலிருந்து வாசல்வரை ஒரே கூரையாக இறங்கிய அந்த ஓட்டுக்குக் கீழே நின்றுகொண்டுதான் அந்த ஆள் ஓலை என்றார்.

நீ நிமிர்ந்து நின்று, ஞாயிறு பள்ளிப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டாய். தொழில் செய்யும் உரிமையை முதலிலிருந்து கடைசி வரை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாய். கட்டையில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அதிகாரி முடியும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"முடிஞ்சதா? ஆமென் சொல்லிட்டு வெளிய வா."

பியூன் சிரித்துக்கொண்டே மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தான், உன் தீப்பெட்டியிலிருந்தே ஒரு குச்சியை எடுத்து.

அன்று உள்ளே புகுந்த பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஜெயிலுக்குப் பயம் இல்லை, அடி உதைக்கும் பயம் இல்லை. தலைக்கு மேலே இருக்கிற ஓட்டுக்கூரையை ஒருவன் பார்க்காமலே ஓலை என்று எழுதுகிறான், அது ஓலையாகிவிடுகிறது. நாளைக்கு என்னைப் பார்க்காமல் என்னை என்னவென்று எழுதுவான்?

நீ போட்டிக்கு வந்தது பிடிக்காத பெரிய தீப்பெட்டி ஆபீஸ்காரர் சொல்லித்தான் நடந்தது என்று ஊருக்கே தெரியும். "உன் சுதந்திரத் தொழில் இதுதாம்ல, பெரியவன் சர்க்காரையே விலைக்கு வாங்கிட்டான்" என்று உன்மேல் பாய்ந்தேன். "சர்க்கார் கையில விக்கதுக்கு ஒண்ணும் இல்லாம வச்சிருந்தா அவன் எதைல வாங்குவான்?" என்று கேட்டாய். இன்றைக்கும் எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. உன் சர்க்காரைக் கட்டிப்போட்டாலும் பெரியவன் பெரியவனாகத்தான் இருப்பான். மல்லுக்கட்டத்தான் நீ இல்லை.

மதராசுக்கு மனுப் போட்டாய். ஓடு அடுக்கியவன் நான் என்று நானும் கையெழுத்துப் போட்டேன். "கூரைக்கெல்லாம் சாட்சி சொல்லுதியாமே?" என்று மில் மேஸ்திரி சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் தினமும் காலையில், இன்றைக்கு வேலை இருக்குமோ இருக்காதோ என்றுதான் மில் கேட்டைத் தாண்டுகிறேன். கோர்ட் வாய் திறப்பதற்குள் உன்னை மஞ்சள்காமாலை கொண்டுபோய்விட்டது. வழக்கு உன் மனைவி பெயருக்கு மாறியது.

மூன்று மணிக்கு மேல் வெயில் கதவில் நேராக அடித்தது. சாக்கு நொடியில் காய்ந்தது. குடத்தில் தண்ணீர் தீர்ந்துபோனது. உன் மனைவி தண்ணீருக்குப் போனபோது நான் மட்டும் நின்றேன். இளகிய அரக்கு என் முகத்துக்கு நேரே தொங்கியது. நகத்தால் ஒரு சுண்டு சுண்டினால் போதும்; பூட்டு உன்னுடையது, சாவி உன் வீட்டில்தான் இருக்கிறது. உள்ளே போய் உன் கட்டைகளைத் தூசி தட்டலாம். கோர்ட்டும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். கை நீண்டுவிட்டது. அப்போதுதான் நீ கேட்பது போல இருந்தது: இந்த வாரம் உன் கையில என்னல அதிகாரம் இருந்துச்சு? கையை இழுத்து அக்குளில் வைத்துக்கொண்டேன்.

திரும்பினால் பாய் நிற்கிறார், இடுப்பில் ஒரு குடம். சாக்கின் மேல் மெதுவாக ஊற்றினார்.

"சர்க்கார் சொத்துல்லா தம்பி. நாம காப்பாத்தாம யாரு காப்பாத்துவா?" என்றார். கண் மட்டும் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே இருந்தது.

வக்கீல் வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பஸ்ஸில் வந்த களைப்பு, சட்டையெல்லாம் கரிசல் புழுதி. "யார் இங்க சாக்கு கட்டினது?" என்றார். தண்ணீரோடு திரும்பியிருந்த உன் மனைவி இளகிய அரக்கைக் கைகாட்டினாள். சாக்கை விலக்கி முத்திரையைக் குனிந்து பார்த்தார். ஓரம் வழிந்திருந்தது, எழுத்து அழியவில்லை. நான் மனப்பாடம் எதையும் ஒப்பிக்கவில்லை.

"சார், மேல பாருங்க," என்றேன். அவ்வளவுதான்.

அவர் தலையைத் தூக்கினார்.

"ஓட்டுக்கூரைதானே இது?" என்றார்.

"ஆமா சார், ஓட்டுக்கூரைதான்." சொன்னது நான் இல்லை. பாய்.

தீர்ப்பு வர இன்னும் நாளாகும். எப்படி வரும் என்று தெரியாது. கதவு திறந்தால் உன் மனைவி முதலாளி. இந்த வாரம் கையில் என்ன அதிகாரம் இருந்தது என்ற உன் கேள்வியை அவளிடமும் நான் கேட்கத்தான் போகிறேன். பயம் குறையவில்லை, பயந்துகொண்டேதான் உனக்கு இதை எழுதுகிறேன். ஆனால் சீல் வைத்த நாளிலிருந்து, யார் வீட்டுக்குப் போனாலும், எந்த ஆபீசுக்குள் நுழைந்தாலும், உட்காருவதற்கு முன் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொள்கிறேன். ஓடா ஓலையா என்று எவனாவது கேட்டால் நான் சொல்ல வேண்டியிருக்கும்.