மாதம் அரைக் கிலோ

சிங்கப்பூர்,
10.5.1998

அன்புள்ள லெட்சுமிக்கு,

நான் சுகம். நீயும் நம்ம ஊர்மிளாவும் சுகமா? ரெண்டு கிலோகூட இல்லாமல் பிறந்த பிள்ளையை விட்டுவிட்டு வந்தது நெஞ்சை அறுக்கிறது. ஒப்பந்தம் ரெண்டு வருஷம், நடுவில் வர விடமாட்டார்கள். மாதாமாதம் அவள் எடையையாவது எழுது.

என் வேலை என்னவென்று கேட்டிருந்தாய். தலைமுடி மாதிரி மெல்லிய கண்ணாடி இழையைச் சுருளாகச் சுற்றி, ரெண்டு முனையிலும் வெளிச்சம் விடுவார்கள். கப்பல் எவ்வளவு திரும்பியது என்று அது சொல்லும். ஆனால் ஒரு பக்கம் சூடு பட்டால் போதும், மேசையில் அசையாமல் இருந்துகொண்டே திரும்பிவிட்டேன் என்று பொய் சொல்லும். எந்தப் பாகம் எவ்வளவு பொய் சொல்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

அன்புடன்,
செல்லசாமி

அக்கரப்பத்தனை,
4.6.1998

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்க சுகம். பொய்யைப் பிடிக்கவா அவ்வளவு தூரம் போனீங்க? இங்கயே தோட்டத்துல நிறைய கிடைக்குமே.

கொழுந்து பறிக்கிறவங்க பிள்ளைகளை விட்டுட்டுப் போற பிள்ளைக் காம்பராவுல மிட்வைஃப் அம்மா ஊர்மிளாவை நிறுத்தாங்க. மே மாசம் 2.9 கிலோ. இந்த மாசம் 2.8 தான், ரெண்டு நாள் வயித்தோட்டம். குளிருன்னு ஸ்வெட்டர், தொப்பியோடதான் நிறுத்தோம். கோவிச்சுக்காதீங்க.

உங்கள்,
லெட்சுமி

சிங்கப்பூர்,
20.6.1998

அன்புள்ள லெட்சுமிக்கு,

ஸ்வெட்டரோடு நிறுத்தால் அது ஸ்வெட்டரின் எடையும் சேர்ந்ததுதானே? அடுத்த முறை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நிறு. சரியான எடை தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது.

செல்லசாமி

அக்கரப்பத்தனை,
2.8.1998

அத்தானுக்கு,

சுகம். ஜூலை 3.3. ஆகஸ்ட் 3.8. மழை விடல.

லெட்சுமி

சிங்கப்பூர்,
6.12.1998

லெட்சுமி,

போன வாரம் ஒரு சுருளின் கணக்கு மூன்று நாளாகக் கோடு போட்ட மாதிரி வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. திறந்து பார்த்தால் இழை அறுந்திருந்தது. பழைய கணக்கை வைத்துக் கம்பியூட்டர் தானாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. நிஜமாக அளந்தால் கொஞ்சமாவது ஏறி இறங்கும்.

அறைக்கு வந்து உன் கடிதங்களை எடுத்தேன். 3.3, 3.8, 4.3, 4.8, 5.3. மாதம் தவறாமல் அரைக் கிலோ. மே, ஜூனில் அப்படி இல்லையே. நான் நினைப்பது தப்பு என்று உடனே எழுது.

செல்லசாமி

அக்கரப்பத்தனை,
19.12.1998

அத்தான்,

நீங்க நினைச்சது தப்பில்லைங்க.

ஜூலை எட்டாந்தேதி, நீங்க சொன்னபடி ஸ்வெட்டரைக் கழட்டி நிறுத்தோம். 2.6. மறுநாள் காய்ச்சல். நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, தோட்டத்து லொறியிலயே, என் மடியில போயிட்டா. முன்னாடியே நெஞ்சுல சளி கட்டியிருந்திச்சு, கழட்டினதால இல்லன்னு டொக்டர் சொன்னாரு. நான் நம்பினேன். நீங்க நம்பமாட்டீங்க. உங்க மேலதான் பிழைன்னு காலம் பூரா கணக்குப் பார்த்துக்கிட்டே இருப்பீங்க. அதனாலதான் எழுதல. எங்க அப்பாவையும் உங்களுக்கு எழுத விடல.

அது மட்டும் இல்லைங்க. ஒவ்வொரு மாசமும் அந்த நம்பரை எழுதுறப்ப பிள்ளை வளர்ற மாதிரியே இருந்திச்சு. உங்களுக்காகத்தான் எழுதுறேன்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க.

டிசம்பருக்கும் 5.8ன்னு எழுதி ஒட்டி வச்சிருந்தேன். உங்க கடிதம் வந்ததால தபால்ல போடல. கிழிச்சுப் போடவும் மனசு வரல.

லெட்சுமி