நீ வெட்டிய கேபிள்

நேற்று காலை என் மேசைக்குக் கீழே புது கேபிள் சுருள் ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. அந்த ரப்பர் வாடை மூக்கில் ஏறியதும் உன் கோபம்தான் முதலில் ஞாபகம் வந்ததுடி. புது மேனேஜர் சொன்னார்: "எதுக்கு மேடம் தினமும் ஸ்டோர் வரைக்கும் நடக்கிறீங்க? இங்க உட்கார்ந்தே அந்த மெஷினையும் பார்த்துக்கலாமே. வெள்ளிக்கிழமை இழுத்துடலாம்."

ஏழு வருஷத்துக்கு முன்னால் இதையேதான் நான் உன்னிடம் சொன்னேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. ஆபீஸில் என் மேசைமேல் இருந்த கன்சோலில் இருந்துதான் எல்லாக் கட்டளையும் போகும். கம்ப்யூட்டர் பதிவுகளுக்கு நகல் வைக்கும் மெஷினோ தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பைத் தாண்டி ஸ்டோர் ரூமில். சாயங்காலம் அன்றைய பதிவு ஏறிய டேப்பை எடுத்துப் போய் அதில் ஏற்றி, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வருவது உன் வேலை. நீ லீவு போட்டால் அது என் தலையில். ஆயில் தரையில் வழுக்கி, புடவையெல்லாம் கறையாகி, எனக்கு வெறுத்துப்போனது. "ஆவடி குவார்ட்டர்ஸ் மகாராணி" என்று நான் குடியிருந்த இடத்தைச் சொல்லி நீ கிண்டல் செய்வாய். நீ ஒரு வாரம் லீவில் போனபோது எலக்ட்ரீஷியனைக் கெஞ்சி, இரண்டு மெஷினுக்கும் நடுவே கேபிள் இழுத்துவிட்டேன்.

திரும்பி வந்த நீ கேபிளைப் பார்த்தாய். எலக்ட்ரீஷியனிடம் கட்டிங் பிளேயரை வாங்கினாய். நறுக்!

"இன்னாடி இது? நீ இங்க ஒரு தப்பு பண்ணா அது அங்கயும் போய்ச் சேரும். அப்பால எதுக்கு ரெண்டு மெஷினு? ஒண்ணு போதுமே!"

"என்னைப் பார்த்தா தப்பு பண்றவ மாதிரியா இருக்கு?" என்று கத்தினேன்.

"எனக்கும் சேத்துதான் சொல்றேன்" என்றாய்.

ஒரு மாதம் பேசவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நீ ஜன்னலையும் நான் சுவரையும் பார்த்துச் சாப்பிட்டோம்.

அந்த மாதக் கடைசியில்தான் அந்தத் தப்பைச் செய்தேன். பழைய ஃபைல்களைக் கழிக்கப் போய், ஒரே கட்டளையில் மொத்த வருகைப் பதிவையும் அழித்தேன். முப்பத்தெட்டு தற்காலிகத் தொழிலாளர்களை நிரந்தரமாக்க மறுநாள் கூட்டம். அவர்கள் இத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள் என்பதற்கு அந்தப் பதிவை விட்டால் வேறு சாட்சி கிடையாது. ஆளே வரவில்லை என்று அவர்களை வேலைக்கு அனுப்பிய கான்ட்ராக்டர் சாதித்திருப்பான். உன்னைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. நீயே வந்து திரையைப் பார்த்தாய்.

திட்டுவாய் என்று நினைத்தேன். "அழுவாத. மூஞ்சியக் கழுவிகினு வா. அங்க எல்லாம் பத்திரமா கீது" என்றாய். இருந்தது. அந்தக் கேபிள் மட்டும் இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். மறுநாள் பதிவு எப்படி அழிந்தது என்று மேலதிகாரி கேட்டபோது, "கரண்ட் போய்ட்டு வந்துச்சு சார், அதான்" என்று நீ முந்திக்கொண்டாய். முப்பத்தெட்டுப் பேரும் நிரந்தரம் ஆனார்கள். மண்ணூர்பேட்டையில் உன் தெருவிலேயே நாலு பேர். போன வருஷம் மஞ்சள் காமாலையில் நீ போனபோது உன்னைத் தூக்கியதும் அவர்கள்தான். அந்தக் கரண்ட் கதையை அவர்களும் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

"நீ வெட்டினது சரிதான்" என்று உயிரோடு இருந்தவரை ஒரு தடவைகூட உன்னிடம் நான் சொல்லவில்லை. பாவி நான்.

இன்று காலை மேனேஜரிடம் பாதுகாப்பு, அது இது என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தார். "இத்தனை வருஷத்துல ஒரு தடவைதான் மேடம் டேட்டா போயிருக்கு. அதுவும் கரண்டால."

"கரண்டு இல்ல சார். நான்தான் அழிச்சேன்."

சூப்பர்வைசர் போஸ்ட்டுக்கு என் பெயர் அவர் மேசைமேல் இருப்பது தெரிந்தேதான் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "எழுதிக் குடுப்பீங்களா?" என்றார். நடந்ததை எல்லாம் எழுதி, கேபிள் வேண்டாம் என்பதையும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

கேபிள் சுருள் மத்தியானமே திரும்பிப் போய்விட்டது. போஸ்ட் கிடைக்குமா, தெரியாது. ஆனது ஆகட்டும். மணி ஐந்தரை. மழை விட்டபாடில்லை, பிரஸ் ஷாப் தரை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். டேப் என் கையில், உன் சாவி என் இடுப்பில். ஸ்டோருக்கு நடக்கிறேன்டி.