தீ அணைந்த பள்ளம்

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டே பழகிவிட்டதால் கடிதத்தையும் அப்படியே தொடங்குகிறேன். இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். ஒப்புக்கு எழுதவில்லை, இந்த முறை நிஜமாகவே நன்றாக இருக்கிறோம். போனில் பேசினால் உங்கள் பக்கம் அறை நிறைய ஆட்கள், என் பக்கம் அத்தை. நினைத்ததைச் சொல்ல முடிவதில்லை.

முதலில் நம் குட்டியைப் பற்றி. மூச்சுத்திணறல் மருந்தை டாக்டர் பாதியாகக் குறைத்துவிட்டார். "நெஞ்சு சுத்தமா இருக்கும்மா, இனி பயப்படாதீங்க" என்றார். நேற்று மத்தியானம் ஒரு பாட்டை முழுசாகப் பாடிக் காட்டினாள். பாட்டு சகிக்கவில்லை. ஆனால் நடுவில் ஒரு இருமல்கூட வரவில்லை.

காரணம், தெருக்கோடிப் பள்ளத்தில் இப்போது துணி எரிவதில்லை. நீங்கள் வெளிநாட்டு வேலைக்குப் போன பிறகும் தையல் கம்பெனிகள் வெட்டுத்துணியை லாரி லாரியாகக் கொட்டிக் கொளுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். நீங்கள் ஃபிட்டராக வேலை பார்த்த நூல்மில் மூடிக் கிடந்ததே, அங்கேயே அந்தத் துணியைக் கிழித்துப் பஞ்சாக்கி, மறுபடி நூலாக்கலாம் என்று பழைய மேனேஜர் தொடங்கியதும், துணி பிரிக்கும் வேலையில் நான் சேர்ந்ததும் உங்களுக்குத் தெரியும். முதல் நாள் மிஷின் ஓட்டியபோது நடந்தது தெரியாது. தெரிந்தால் தூங்கமாட்டீர்கள் என்று சொல்லவில்லை.

கழித்துப்போட்ட கால்சட்டைத் துண்டில் ஒரு ஜிப் இருந்திருக்கிறது. கிழிக்கும் மிஷினின் பல்லில் பட்டுப் பொறி தெறித்து, பஞ்சு குப்பென்று பற்றிக்கொண்டது. எல்லாரும் வெளியே ஓடினோம். தண்ணீரும் மணலும் கொட்டி அணைத்தார்கள். யாருக்கும் காயமில்லை. ஆனால் மேனேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "பள்ளத்துல எரிஞ்சத இங்க கொண்டாந்து எரிக்கிறோம், அவ்வளவுதான். மூடிடலாம்மா" என்றார்.

எனக்கு மனசு ஆறவில்லை. பக்கத்து வீட்டு டைலர் அக்காவைக் கூட்டிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினேன். ஜிப், பட்டன், நைலான் எல்லாவற்றையும் அவர்கள் இடத்திலேயே தனியாகப் போட்டுவிடும்படி கேட்டோம். ஒரு முதலாளி, "தைக்கிறத விட்டுட்டு குப்பையப் பிரிச்சுட்டு உக்காரவா?" என்று எரிந்து விழுந்தார். அக்காதான், "உங்ககிட்ட வேலை பாக்குறவங்க எல்லார் வீட்லயும் இந்தத் துணிப் புகையில ஒரு பிள்ளை இருமிட்டிருக்கு சார்" என்றாள். வெட்டும் மேசையில் நின்ற பெண்களின் கை நின்றுவிட்டது. ஒருத்தி ஜிப்பும் பட்டனும் தனியாகப் போட ஒரு காலிச் சாக்கை எடுத்து மேசைக் காலில் கட்டினாள். அடுத்தவளும் கட்டினாள். முதலாளி பார்த்துக்கொண்டே நின்றார், தடுக்கவில்லை.

அங்கிருந்து இந்தப் பழக்கம் மற்ற கம்பெனிகளுக்கும் பரவியது. மேனேஜர் மிஷினை மறுபடி ஓட்டினார். முதலில் வந்த நூல் சாம்பல் நிறம், கொஞ்சம் முரடு. தொட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டால் தூசியாம்.

இப்போது அந்த நூலை நம்மூர்த் தறிக்காரர்களே வாங்கிப் போர்வையும் கால்மிதியும் நெய்கிறார்கள். மிஞ்சும் பிசிறை மெத்தைக்காரர் அள்ளிக்கொண்டு போகிறார். தறியைப் பூட்டிவிட்டு வெளியூர் போன எதிர்வீட்டுத் தம்பிகூடக் குடும்பத்தோடு திரும்பி வந்துவிட்டான்.

"மருமக குப்பைக்குப் பவுடர் பூசப் போறா" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்த அத்தை, இன்று மொட்டைமாடியில் வெள்ளைத் துணி காயப்போட்டு, கரி படியாமல் எடுத்து வந்து அதே தெருவுக்குக் காட்டுகிறார்.

ஒன்று மட்டும் பாக்கி. மிஷினைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர் வெளியூர்க்காரர், மாதக் கடைசியில் கிளம்புகிறார். "உங்க வீட்டுக்காரர் கை பட்டா இது சொன்னபடி கேக்கும்" என்றார் மேனேஜர். அங்கே தரும் சம்பளத்தை இங்கே தரமாட்டார்கள். ஆனாலும் எவ்வளவு தருவார்கள் என்று கேட்டுவிட்டேன். நம் நாலு பேருக்குப் போதும்.

ஒப்பந்தத்தை நீட்டிக்க நீங்கள் கையெழுத்துப் போடும் நாள் நெருங்குகிறது. போடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லமாட்டேன். போடுவதற்கு முன் இதை ஒருமுறை படியுங்கள்.

குட்டி பள்ளி ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் கொடுத்திருக்கிறாள். ஜெயிக்கமாட்டாள், அது எனக்கே தெரியும். ஆனால் அவள் ஓடுவதை நீங்கள் பார்க்க வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வழி பார்க்கும்
உங்கள் மனைவி